உருவிய வாளோடு ஒரு தெரு

வியாழக்கிழமை மதியம் ஹாக்கி மைதானத்தில் லெப்டினன்ட் ஃபெர்கஸின் கணுக்கால் முறிந்தது. செய்தி கப்பலுக்கு வந்தபோது மெரின் ட்ரெகியர் முதலில் நினைத்தது அவனுடைய வலியைப் பற்றி அல்ல. அதற்காக அவள் வெட்கப்பட்டாள், ஆனால் பிறகுதான். அந்தக் கணத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றது. அப்படியானால் சனிக்கிழமை அணிவகுப்பில் காவல் அணியை யார் நடத்தப்போகிறார்கள்?

பென்வெரிஸ் துறைமுகத்துக்கு அந்தக் கடற்படைக் கப்பல் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஊர் முழுக்கத் தோரணம். சனிக்கிழமை காலை நகரசபை அவர்களுடைய கப்பலுக்கு நகர உரிமை வழங்கப்போகிறது. உரிமை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முரசு முழங்க, கொடி பறக்க, துப்பாக்கிமுனையில் கத்தி பொருத்தி, அதிகாரி வாளை உருவிப் பிடித்தபடி, கப்பல் ஆட்கள் அந்த ஊரின் பெரிய தெருவில் நடந்து போகலாம். அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஆயுதம் வைத்திருந்த எவனையும் எல்லைக்குள் விடாத ஊர், உங்களை நம்புகிறோம் என்று சொல்லும் விதம் அது. வாள் உறைக்குள்ளேயே இருந்தால் அது வெறும் நடை. ஊர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல் வந்ததற்குச் சமம்.

அப்படி நம்பிய ஊரின் தபால்காரர்தான் ஹாக்கி மட்டையால் ஃபெர்கஸின் காலை முறித்தவர். மன்னிப்புக் கேட்டு ஒரு பெட்டி பீர் அனுப்பியிருந்தார்.

பணிமூப்பில் ஃபெர்கஸுக்கு அடுத்தவள் மெரின். கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி ஆஷ்வொர்த் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒல்லியான மனிதர், எப்போதும் பென்சிலைக் காதில் செருகியிருப்பார்.

"முறைப்படி உங்க வேலைதான் மெரின். ஆனா உங்ககிட்ட வாள் இல்ல."

"ஃபெர்கஸோட வாள் இருக்கே, சார்."

"கட்டிப் பாருங்க."

கட்டிப் பார்த்தாள். ஆறடி நாலு அங்குல மனிதனுக்கு அளவெடுத்துச் செய்த வாள். கடற்படை வாள் இடுப்பில் ஒட்டி நிற்பதில்லை, இரண்டு நீளமான வார்களில் தொங்கும். மெரினின் இடுப்பிலிருந்து தொங்கியபோது உறையின் பித்தளை நுனி தரைவிரிப்பில் கோடு கிழித்தது. ஆஷ்வொர்த் அந்தக் கோட்டைப் பார்த்தார். மெரினும் பார்த்தாள்.

"கப்பல் கிடங்குல இருந்த ஒண்ண கொடி தூக்கற அதிகாரிக்குக் கொடுத்தாச்சு," என்றார். "உங்களுக்கு அடுத்த கீட்டிங்கிட்ட சொந்த வாள் இருக்கு. நான் உங்களுக்கு எதிரி இல்ல, புரியுதா? ஆனா டிவிக்காரங்க வர்றாங்க. பாவாடை போட்ட அதிகாரி, காலுக்கு நடுவுல வாள் மாட்டி மேயர் முன்னாடி விழுந்தாங்கன்னு வெச்சுக்கோங்க, அடுத்த பத்து வருஷத்துக்கு ஒரு பொண்ணு கையிலயும் அணிவகுப்பக் கொடுக்க மாட்டாங்க. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்க இடுப்புல சரியான அளவுல ஒரு வாள் இருந்தா, அணி உங்களோடது. இல்லேன்னா கீட்டிங்."

"இருக்கும், சார்."

எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் தெரியும். அந்தப் பதிலைத்தான் ஒரு வருடமாக அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

பெண் அதிகாரிகளும் வாள் அணியலாம் என்று ஆணை வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆணை வந்தது, வாள் வரவில்லை. புது வாள் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்தான். அவளுடன் சேர்ந்த இரண்டு பெண்கள் வாங்கினார்கள். மெரின் வாங்கவில்லை. சின்ன வயதிலிருந்து அவள் பார்த்து வளர்ந்த வாள் ஒன்றுதான். அப்பாவின் படிப்பறையில், கடல் வரைபடங்களுக்கு மேலே, இரண்டு ஆணிகளில் கிடந்தது. அப்பாவின் மாமா ஒருவருக்காக 1912இல் செய்தது, பிறகு கடற்படையில் இருந்த காலம் முழுக்க அப்பா அணிந்தது. கைப்பிடியில் திருக்கைமீனின் வெள்ளைத் தோல், அதைச் சுற்றித் தங்கநிறக் கம்பி, முனையில் பிடரி மயிர் கழுத்துவரை வழியும் சிங்கத்தலை. ஏழு வயதில் அந்தச் சிங்கத்தின் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பார்த்திருக்கிறாள். வாய் திறந்திருக்கவில்லை. திறக்கும் என்று பல நாள் காத்திருந்தாள்.

அப்பாவின் உயிலில் அதற்கு ஒரே ஒரு வரி. என் வாள் என் மகனுக்கு.

உயில் எழுதியபோது பெண்கள் வாள் அணியும் பேச்சே கிடையாது. அதனால் அந்த வரியில் குற்றமில்லை என்று மெரின் தனக்குள் வாதாடுவாள். ஆனால் ஆணை வந்தபிறகு பதினோரு மாதம் அப்பா உயிரோடு இருந்தார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசினார், வானிலையைப் பற்றியும் தோட்டத்து நத்தைகளைப் பற்றியும். உயிலை அவர் மறந்தாரா, அல்லது மறக்கவில்லையா? அவர்கள் வீட்டில் ஒருவர் எதையாவது ஆசைப்பட்டால் அதைச் சொல்வது அசிங்கம் என்று யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 'பரவாயில்லை' என்பதுதான் அந்த வீட்டின் மிக உயர்ந்த பாராட்டு. அவள் கடற்படையில் சேர்ந்த நாளில் அப்பா அதைச் சொன்னார்.

துறைமுக வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்கு அவள் கிட்டத்தட்ட ஓடினாள்.

அண்ணன் ஜாகோ பிரிஸ்டலில் இருந்தான். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவன்.

"ஜாகோ, எனக்கு அப்பா வாள் வேணும்."

"ஒரு ஹலோகூட கிடையாதா?"

"ஹலோ. எனக்கு அப்பா வாள் வேணும்."

"யாரக் குத்தப் போற?"

சொன்னாள். ஒரே மூச்சில், கணுக்கால், தபால்காரர், தரைவிரிப்புக் கோடு, கீட்டிங், பத்து மணி எல்லாம். சொல்லி முடித்தபோது தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவளுக்கே கேட்டது. கூண்டுக்கு வெளியே ஒரு கிழவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுமுனையில் ஜாகோ ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அதற்குள் மெரின் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாள். அவனுக்கு அப்பாவிடமிருந்து கிடைத்தது அந்த ஒன்றுதான். கடலை வெறுத்த பிள்ளைக்கு அப்பா கொடுத்த ஒரே சமாதானம் அது. அதைக் கேட்க அவளுக்கு என்ன உரிமை?

"மால்டா கதை ஞாபகமிருக்கா?" என்றான் ஜாகோ.

"அட்மிரல் கதையா?"

"அப்பா குனிஞ்சார், வாள் உறையிலேருந்து நழுவி அட்மிரல் பூட்ஸ் மேல விழுந்துச்சு. அதுக்கப்புறம் முப்பது வருஷம், எங்க போனாலும் இடது கையால அத அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நடப்பார். கல்யாண ஃபோட்டோவுலகூடப் பாரு."

"அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு முடியாது, வேலை இருக்கு. சனிக்கிழமை காலை ஒம்பது பத்து ரயில்ல வரேன்."

"ஒம்பது பத்தா? ஜாகோ, பத்து மணிக்கு..."

"வரேன்னேன்ல, அட்மிரல்." வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை முழுவதும் மெரின் ஹெலிகாப்டர் கொட்டகையில் பயிற்சி செய்தாள். வாளுக்குப் பதில் துடைப்பக் கட்டை. அளவுக்கு அறுத்து, ஒரு முனையில் துணி சுற்றிக் கொடுத்தவர் சீஃப் பிளாகெட். காவல் அணியின் நாற்பத்தெட்டுப் பேரையும் வரிசையில் நிறுத்தும் பொறுப்பு அவருடையது. உதடு அசையாமல் பேசும் வித்தை தெரிந்தவர். இருபது வருடம் அணிவகுப்பில் நின்றால் அது தானாக வந்துவிடுமாம்.

"மேடம் பெருக்க வந்துட்டாங்க, எல்லாரும் கால தூக்குங்க," என்றார் அணியைப் பார்த்து.

"சீஃப், உங்க கட்டை அஞ்சு டிகிரி சாயுது."

"கட்டை நேராத்தான் இருக்கு மேடம். கப்பல் சாயுது."

நாற்பத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள். மெரின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரித்தால் உள்ளே இருப்பது மொத்தமும் வெளியே வந்துவிடும் என்ற பயம். உள்ளே இருந்ததோ சின்ன விஷயமில்லை. வலது கை உடம்பைக் குறுக்கே கடந்து இடது இடுப்புக்குப் போகிறது, பிடிக்கிறது, பாதி இழுத்து ஒரு கணம் நிற்கிறது, பிறகு முழுவதும் உருவி, கைப்பிடி வாய்க்கு நேரே, அலகு வானத்துக்கு. அதைத் துடைப்பக் கட்டையோடு செய்யும்போதே ஒவ்வொரு முறையும் அவள் முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இது தகுமா என்று கேட்டுக்கொண்டாள். தகாது என்று பதில் வந்தது. மறுபடி உருவினாள்.

சனிக்கிழமை காலை வானம் வெளுத்துக் கிடந்தது. காற்று மட்டும் துறைமுகத்தின் பக்கமிருந்து கொடிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு அணி கப்பலடியில் கூடியது. மெரின் வெள்ளைக் கையுறையோடு, இஸ்திரி மடிப்புக் குலையாத பாவாடையோடு, இடுப்பில் வார்ப்பட்டையோடு நின்றாள். பட்டையிலிருந்து இரண்டு வார்கள் வெறுமனே தொங்கின. குதிரை இல்லாத கடிவாளம்போல இருந்தது.

ஒன்பது பத்து ரயில் வந்துபோன சத்தம் மேட்டிலிருந்து கேட்டது. ஒன்பது இருபது. ஒன்பது முப்பது. ஸ்டேஷனிலிருந்து நடந்தால் ஏழு நிமிடம்.

கீட்டிங் அவள் அருகே வந்து நின்றான். இருபத்துமூன்று வயது, சிவந்த காதுகள். அவன் இடுப்பில் அவனுடைய வாள், பயிற்சிக் கல்லூரி முடித்தபோது பெற்றோர் வாங்கிக் கொடுத்தது.

"நான் வேணும்னு வந்து நிக்கல மெரின். ஆஷ்வொர்த் சார்தான் தயாரா இருக்கச் சொன்னார்."

"தெரியும்."

"உங்க அண்ணன் வரணும்னு நான் வேண்டிக்கறேன். நெஜமா. எனக்கு அந்த மேயர் முன்னாடி வணக்கம் வைக்கற இடத்துல எப்பவும் கால் மாறிடும்."

அவன் நல்லவனாக இருந்தது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒன்பது நாற்பத்தைந்து. வரமாட்டான் என்று ஒரு குரல் நிதானமாகச் சொல்லத் தொடங்கியது. கொடுக்க மனமில்லை, அதைச் சொல்லத் தெரியாமல் ரயிலைத் தவறவிட்டிருப்பான். நம் வீட்டில் யாரும் எதையும் நேராக மறுத்ததில்லையே. ஆஷ்வொர்த் தூரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. மெரின் வார்களை விரல்களில் சுற்றிக்கொண்டாள். கண் எரிந்தது. காற்றுதான் என்று சொல்லிக்கொள்ள வசதியாகக் காற்று இருந்தது.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஒரு மீன் வண்டி, காவலுக்கு நின்ற மாலுமி கைகாட்டியும் நிற்காமல், துறைமுக வாசலுக்குள் நுழைந்தது. பின்கதவு திறந்தது. பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ஜாகோ இறங்கினான். மஞ்சள் வாத்துகள் போட்ட குளியலறைத் திரையில் சுற்றிய நீளமான ஒன்றை, குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தான்.

"ரயில் மாத்தற ஸ்டேஷன்ல போலீஸ்ல புடிச்சுக் குடுத்துட்டாங்க," என்றான் மூச்சிரைக்க. "திரைக்கு வெளியில நுனி தெரிஞ்சிருக்கு. வந்த போலீஸ்காரர் பழைய நேவி. பிரிச்சுக் காட்டுன்னார். காட்டினேன். இருபது நிமிஷம் விடல மனுஷன். அலகுல பொறிச்சிருக்கற நங்கூரத்த எண்ணிக்கிட்டே இருந்தார். அதுக்குள்ள ரயில் போயிடுச்சு. அப்புறம் இந்த மீன்காரர்..."

"ஜாகோ. வாய மூடு. குடு."

திரை விலகியது. கறுப்புத் தோல் உறை புதிதாக மெழுகு பூசி மின்னியது. பித்தளைப் பட்டைகள் தங்கம்போல. சிங்கத்தின் பிடரியில் அழுக்கு ஒரு கோடுகூட இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து தேய்த்தாலும் வராத பளபளப்பு. கேட்டு இரண்டு நாள்தானே ஆகிறது என்ற எண்ணம் வந்து, நிற்க நேரமில்லாமல் போய்விட்டது. சீஃப் பிளாகெட் ஒரு வாரை மாட்டினார், ஜாகோ மறுவாரை மாட்டினான். வாள் அவள் இடது தொடையோரம் தொங்கி நின்றது. உறையின் நுனி தரைக்கு இரண்டு விரற்கடை மேலே. அப்பாவும் அவளும் ஒரே உயரம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆஷ்வொர்த் வந்தார். தரையைப் பார்த்தார், நுனியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பத்தெட்டு.

"ஏன் கானாங்கெளுத்தி வாசனை வருது?"

"கடற்படைன்னா கொஞ்சம் வரத்தானே செய்யும், சார்," என்றார் சீஃப், உதடு அசையாமல்.

ஆஷ்வொர்த் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி செருகினார். "அணி உங்களோடது மெரின்."

அதற்குள் இசைக்குழு தொடங்கிவிட்டது.

வாள் உறைக்குள் இருக்கவே அணி மேடேறிப் போய்ச் சேர்ந்த சந்தைச் சதுக்கத்தில் ஊரே நின்றது. கடை மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பேக்கரி வாசலில் சுடச்சுட வந்த இறைச்சிப் பேஸ்டியின் வாசனை காற்றில் சுழன்றது. மேயர் ஒரு பருமனான பெண்மணி, கழுத்துச் சங்கிலியின் கனத்தில் சற்றே முன்சாய்ந்து, தோலில் எழுதிய சாசனத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார். கேப்டன் நன்றி சொன்னார். கொடியை நோக்கிப் பாதிரியார் பிரார்த்தித்தார். மெரின் அணிக்கு முன்னால், தனியாக, அசையாமல் நின்றாள். இடது கை உறையைப் பிடித்திருந்தது. ஒரு வார்த்தையும் அவள் காதில் விழவில்லை. இதயம் அடிப்பது கழுத்துப் பட்டியில் இடித்தது. இதோ, இதோ என்று மட்டும் இருந்தது.

கேப்டன் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"காவல் அணி," என்றாள். குரல் கட்டிடங்களில் மோதித் திரும்பி வந்து அவளுக்கே நன்றாகக் கேட்டது. "கத்தி பொருத்து."

நாற்பத்தெட்டுக் கத்திகள் ஒரே சொடுக்கில் துப்பாக்கிமுனைகளில் ஏறின. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு.

இனி அவள் வாள். வலது கை உடம்பைக் கடந்தது. பிடித்தது. மீன்தோலின் சொரசொரப்பு கையுறை வழியே உள்ளங்கைக்கு வந்தது. இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். இந்தமுறை வாள் மேலே வந்தது, உறையோடு சேர்ந்து. வார் விறைத்து, பாவாடை ஓரத்தைப் பிடித்து இழுத்து, உறையின் வாய்ப்பட்டை அவள் விலாவில் இடித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. அதுதான் மோசம். தடுமாறும் நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரிப்பதுபோல அன்பாகச் சிரித்தார்கள்.

உள்ளே எல்லாம் வழித்துத் துடைத்ததுபோல ஆனது. மேயருக்குப் பின்னால் ஆஷ்வொர்த் நிற்கிறார். கேமரா அவளைப் பார்க்கிறது. இப்படியே 'நட' என்று ஆணையிட்டுவிடலாம். வாள் உறைக்குள்ளேயே இருக்கும். அணி போய்விடும். பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. மற்றப் பாதிப் பேர் அடுத்த பத்து வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பின்னாலிருந்து சீஃபின் குரல், உதடு அசையாமல்தான் வந்திருக்க வேண்டும். "அவசரமே இல்ல மேடம். ஊரு எங்கயும் ஓடிப் போகாது."

மூன்று எண்ணும் நேரம் இருக்கும். அந்த மூன்று எண்ணிக்கையில் அவள் கட்டைவிரல், அவள் சொல்லாமலே, கைப்பிடிக் கவசத்தின் உள்பக்கம் ஊர்ந்தது. அங்கே ஏதோ இருந்தது. அவள் வாழ்நாளில் அந்த வாளில் அந்த இடத்தில் இருந்திராத ஒன்று. நகத்தளவு தகடு, கீழே மடிந்து, உறையின் வாயிலுள்ள குமிழை இறுகக் கவ்வியிருந்தது.

எல்லாக் கடற்படை வாளிலும் உண்டு அது. குனிந்தால் வாள் நழுவாதிருக்க ஒரு பூட்டு. உருவும் முன் கட்டைவிரலால் நிமிர்த்திவிட வேண்டும் என்பது முதல்நாள் பாடம். ஒவ்வொரு அணிவகுப்பிலும் எவனோ ஒருவன் அதை மறந்து உறையோடு மல்லுக்கட்டுவான், வருடக்கணக்கில் கேலி வாங்குவான். மெரின் மறக்கவில்லை. அப்பாவின் வாளில் அந்தப் பூட்டு முப்பது வருடத்துக்கு முன்பே உடைந்து போயிருந்தது. மால்டாவில் விழுந்ததே அதனால்தான்.

அவள் கண் கூட்டத்தைத் துழாவியது. மருந்துக்கடை வாசலில் முன்வரிசையில் ஜாகோ நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வாத்துத் திரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையின் கட்டைவிரலைக் காற்றில் மேல்நோக்கி நிமிர்த்தினான், நிமிர்த்தினான், நிமிர்த்திக்கொண்டே இருந்தான்.

நாளைக்கு முடியாது, வேலை இருக்கு.

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் என்ன வேலை செய்திருக்கிறான் என்று அவளுக்கு ஒரே வீச்சில் விளங்கியது. யாருக்கோ செய்ய வேண்டிய பற்களை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, கடைவாய்ப் பல்லுக்கு வார்க்கும் உலோகத்தில், அதே மேஜையில், அதே ராவும் கருவிகளோடு, அவளுடைய வாள் நழுவக் கூடாது என்று உட்கார்ந்து செய்திருக்கிறான். செய்தவன் சொல்ல மறந்திருக்கிறான். போலீஸ்காரரையும் மீன்காரரையும் பற்றிச் சொன்னான். இதைச் சொல்ல வந்தபோது அவள்தான் வாய மூடு என்றாள்.

சிரிப்பு வந்தது. அணிக்கு முன்னால், கேமராவுக்கு முன்னால், மேயருக்கும் ஆஷ்வொர்த்துக்கும் முன்னால், மெரின் ட்ரெகியருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது. எத்தனையோ நாளாக உள்ளே நின்றுகொண்டிருந்தது, இனி நிற்க முடியாது என்று வந்துவிட்டது. முகத்தை அது என்ன செய்கிறது என்று அவள் பார்க்கப் போகவில்லை.

கட்டைவிரல் தகட்டை நிமிர்த்தியது. டிக் என்றது, பல் மருத்துவரின் அறையில் கேட்கும் சத்தம். இழுத்தாள்.

வாள் ஒரு நீளமான மூச்சோடு வெளியே வந்தது. கைப்பிடி வாய்க்கு நேரே, அலகு வானத்துக்கு. எண்பத்து மூன்று வருடத்து எஃகில் வெளுத்த வானம் முழுவதும் ஏறிக்கொண்டது. கூட்டம் கைதட்டியது. இந்தமுறை நாய்க்குட்டிக்காக அல்ல.

"காவல் அணி, துப்பாக்கி வலது தோளுக்கு. இடது வரிசைப்படி, விரைவாக நட."

முரசு இடித்தது. நாற்பத்தெட்டு ஜோடிக் கால்கள் ஒன்றாக விழுந்தன. அவள் முன்னால் போனாள். பெரிய தெரு சரிந்து துறைமுகத்துக்கு இறங்கும் தெரு. இருபக்கமும் முகங்கள், ஜன்னல்கள், காகிதக் கொடிகள். கனம் மணிக்கட்டில் ஏறியது. அது கனமாகவே தெரியவில்லை, கை நீண்டு போனதுபோல இருந்தது. இடது கை உறையைப் பிடித்திருந்தது. பாவாடை காற்றில் அடித்தாலும் கால் எதிலும் மாட்டவில்லை. சிங்கம் அவள் விரல்களுக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு வந்தது.

மருந்துக்கடையிலிருந்து ஜாகோ நடைபாதையில் கூடவே ஓடிவந்தான். ஒரு தள்ளுவண்டியில் மோதினான், அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டான், மறுபடி ஓடினான்.

"நழுவிடக் கூடாதேன்னுதான் செஞ்சேன்," என்று கத்தினான். "சொல்ல மறந்துட்டேன், மெரின். கேக்குதா? மறந்தே போயிட்டேன்."

அவள் தலையைத் திருப்ப முடியாது. ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவனுக்குத் தெரிந்திருக்கும். கன்னம் பக்கவாட்டில் தெரியுமே.

மேயரும் மற்றவர்களும் முன்னதாகவே போய் ஏறியிருந்த வணக்க மேடையருகே வந்தபோது அணியை வலப்பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, வாளை முகத்துக்கு நேரே தூக்கி, பிறகு மெதுவாக வலக்காலோரம் தாழ்த்தினாள். மேயர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஆஷ்வொர்த்தின் கை தொப்பி விளிம்பில் நின்றது. தாண்டியபோது அந்தக் கைக்குக் கீழே அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியதைப் பார்த்ததாக அவள் நினைத்தாள். சிரிப்பாக இருக்கலாம். மீன் வாசனையாகவும் இருக்கலாம்.

அப்பா மறந்தாரா, மறக்கவில்லையா என்ற கேள்வி போய்விடவில்லை. அதுவும் அணியின் கடைசி வரிசையில் எங்கோ, கால் மாற்றிப் போட்டபடி, கூடவே வந்துகொண்டிருந்தது. வரட்டும் என்று விட்டாள். தெரு இருந்தது. இன்னும் பாதித் தெரு இருந்தது. பிறகு கால்வாசி. தபால் நிலையம், கயிறு விற்கும் கடை, தேவாலயம். ஒவ்வொன்றும் பக்கவாட்டில் நழுவிப் போகப்போக அவளுக்குள் ஒரு பேராசை வளர்ந்தது. இவ்வளவு சின்னத் தெருவாக இது எப்போது ஆனது?

துறைமுகக் கரை வந்துவிட்டது. கல் விளிம்பு, அதற்கப்பால் பச்சைத் தண்ணீர். இடது கால் தரையில் விழும்போது 'நில்' என்று சொல்ல வேண்டும். விழுந்தது. சொல்லவில்லை. அடுத்த இடது கால் விழுந்தது. வாளின் முனையில் ஒரு கடற்காக்கை வட்டமிட்டது. அதையும் விட்டாள். அடுத்ததில்தான் சொன்னாள்.

நாற்பத்தெட்டுப் பேரும் ஒரே இடியில் நின்றார்கள். முரசு ஓய்ந்தது. அவளுடைய காலணி முனைக்கும் கல் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. கீழே தண்ணீர் சுவரை நக்கிக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றது சீஃபின் அசையாத உதடு. "அடுத்த அடி தண்ணி."

"தெரியும் சீஃப்."

"தெரிஞ்சுதான் இவ்ளோ தூரம் கொண்டாந்தீங்களா?"

மெரின் முன்னால் பார்த்தபடியே நின்றாள். வாள் இன்னும் கையில்தான் இருந்தது. இப்படி ஒன்றை யாரிடமும் அவள் இதுவரை சொன்னதில்லை.

"தெரு முடிஞ்சுபோச்சேன்னு இருந்துச்சு," என்றாள்.